ஓடைக்கு மேலே யார், கீழே யார்?

(சேரிப் பெண்களின் நாட்டுக்கோழி வளர்ப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோழிக் கூட்டத்துக்குக் கவிஞன் எதுக்குன்னு சிலர் கேட்டாங்களாம். நியாயம்தான். நீங்க கூப்பிட்டது வங்கிக் குமாஸ்தாவை. கோழிக் கடன் மனுவில் 'தண்ணீர் வசதி' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த இடத்தில் நம்ம பெண்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே வார்த்தை: ஓடை. "ஓடைத் தண்ணியைக் கோழி குடிக்கலாமா?" என்கிறார் அதிகாரி. "காலங்காலமா குடிச்சிட்டுத்தானே இருக்கு" என்கிறார் அம்மா. ஓடையின் மேல்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று இருவரும் கேட்பதில்லை.

முதலில் கோழியைப் பார்ப்போம். வளர்ந்த கோழி ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் அது இரட்டிப்பாகும். 10 கோழி இருந்தால் கோடையில் 5 லிட்டர் வேண்டும். கோழிக்கு உறிஞ்சத் தெரியாது. ஒரு வாய் அள்ளித் தலையைத் தூக்கினால்தான் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும். சாமிக்கு நன்றி சொல்லுதுன்னு சொல்றாங்க. பக்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை, அலகின் அமைப்பு அப்படி. தண்ணீர் குறைந்தால் முட்டை குறையும். ஓட்டுக்குள்ளே இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர்தான்.

இந்த முக்கால் பங்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம கை பட்ட குடத்துத் தண்ணி தீட்டு. அதே தண்ணியைக் குடிச்ச கோழி போட்ட முட்டை ஊர்த்தெருவுக்குப் போய் ஆம்லெட் ஆகும்போது தீட்டில்லை! தீட்டு தண்ணியில் இல்லை, தண்ணியைத் தொடும் ஆளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறான் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேணும்?

அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் மகாத்தில் உலகத்துக்குக் காட்டினார். பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறக்கச் சொல்லிப் பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924-இல் அதை ஏற்றது. ஆனாலும் சவ்தார் குளத்தில் மாடு குடிக்கலாம், மகார் குடிக்க முடியாது. 1927 மார்ச் 20 அன்று அண்ணலும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கி அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது. பிறகு 108 குடத்தில் சாணி, கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணி கரைத்த தண்ணி சுத்தம், மனிதன் தொட்ட தண்ணி அசுத்தம்! வழக்கு 1937-இல்தான் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது.

நம்ம பக்கமும் குறைச்சல் இல்லை. 1931-இல் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியினர் விதித்த 11 தடைகளில் ஒன்று, நம் பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்கணும், சும்மாடு வைக்கோலில்தான் இருக்கணும், துணியில் கூடாது என்பது. தலைக்கும் பானைக்கும் நடுவில் இருக்கிற துணியைக்கூட விட்டுவைக்காத சாதி, ஓடையை விட்டுவைக்குமா?

ஓடுற தண்ணி சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. ஓட்டம் அழுக்கை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நம் ஊர்கள் பலவற்றில் சேரி இருப்பது பள்ளத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில். மேலே பூச்சிமருந்து டப்பாவைக் கழுவுவான், செத்த மாட்டைத் தள்ளுவான், சாக்கடையைத் திருப்பி விடுவான். எல்லாம் நம்ம கோழியின் அலகுக்கு வந்து சேரும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்த கதை 1996-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. கெடுத்தவனே ஈடு கட்டணும் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை ஓடைக்கரைக்கும் கொண்டு வரணும்.

ஓடையால் கோழிக்கு என்ன வரும்? கரை ஈரத்தில் எச்சம் கலந்தால் ரத்தக்கழிச்சல், குடற்புழு. காட்டு வாத்து, நீர்ப்பறவை இறங்குகிற இடத்தில் பறவைக் காய்ச்சல். அழுகின பிணம் கிடக்கிற தேக்கத்தில் கழுத்து துவண்டு விழும் நோய். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து சாகாது. இதை மறக்காதீங்க.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: கூண்டை ஓடையிலிருந்து தள்ளி மேட்டில் வைங்க. நிழலில், செங்கல் மேல் ஒரு அகலமான மண்சட்டி. குஞ்சு மூழ்காமல் இருக்க நடுவில் கல். காலை மாலை தண்ணி மாத்துங்க, சட்டியைத் தேய்த்து வெயிலில் காய வைங்க. ஒரே நாளில் நாலஞ்சு கோழி சாய்ந்தால் வெறுங்கையால் தொடாதீங்க, ஓடையில் வீசாதீங்க. பையில் கட்டி கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, அறுத்துப் பார்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. செத்த கோழிக்குச் சாட்சி சொல்ல அந்தக் காகிதம்தான் இருக்கு.

சட்டமும் இருக்கு. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் கிணறு, குளத்தோடு ஆறு, ஓடை, ஊற்று என்று பெயர் சொல்லியே நம் உரிமையை எழுதியிருக்கிறது. நாம் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருந்தும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்த மக்களிலேயே 3 பேரைக் குற்றவாளி என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. அதனால்தான் சொல்றேன், வாய்ப்பேச்சோடு நிற்காதீங்க. தேதி போட்டு எழுதி வைங்க, மனுவுக்கு ரசீது வாங்குங்க. கடன் மனுவிலும் 'ஓடை' என்று முடிக்காதீங்க. 'குழாய் கேட்டும் தரப்படவில்லை' என்று எழுதச் சொல்லுங்க.

கடைசியாக, நமக்குள்ளேயே பேச வேண்டியது ஒன்று இருக்கு. ஓடை நம்ம தெருவோடு முடியவில்லை. நமக்கும் கீழே அருந்ததியர் வீடு இருக்கலாம். நம் துணியை வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பம் துறையில் நிற்கலாம். நம்ம கோழியின் எச்சம் அவங்க குழந்தை குளிக்கிற இடத்துக்குத்தான் போகுது. சாதி என்பது படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் சொன்னது இந்த ஓடையைப் போலத்தான். ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஒருத்தன். கூண்டை மேட்டுக்கு மாத்துங்கன்னு சொன்னது கோழிக்காக மட்டும் இல்லை.

மேலே இருக்கிறவனிடம் நியாயம் கேட்கப் போகும்போது கீழ்த்துறைக் குடும்பத்தையும் கூட்டிக்கிட்டுப் போவோம். மனுவில் முதல் கையெழுத்து அவங்களுடையதாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.