சிறுநீரகம் கொடுத்தவரின் வலி



நோயுற்ற ஒருவர் அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவது தம் பிணி தீர வேண்டும் என்ற எண்ணத்தால். சரீரத்தில் யாதொரு குறையுமில்லாத ஒருவரோ, மகனுக்காகவோ கணவனுக்காகவோ உடன்பிறந்தாருக்காகவோ மனமுவந்து மேஜைமேல் படுத்து, தம் சிறுநீரகங்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி வைத்தியரிடம் தம்மை ஒப்படைக்கிறார். அந்த அறுவையால் அவருடைய தேகத்துக்கு லாபம் ஒன்றுமில்லை. வந்து சேர்வது வலிதான். ஆகவே அவ்வலியைத் தணிப்பதை வைத்தியரின் முதற்கடமைகளுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரத்தில் டாக்டர் ஜோசப் மர்ரே இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் அந்த வெற்றி 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கிட்டியது. அக்காலத்தில், கொடுப்பவரின் விலாப்புறத்தை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, தசைகளைப் பிளந்து, சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுத்த பிறகே சிறுநீரகத்தை அடைய முடிந்தது. 1995-இல் பால்டிமோர் நகரத்து வைத்தியர்களான ராட்னரும் கவூசியும், வயிற்றில் சிறு துளைகளிட்டு, கரியமில வாயுவால் அதை உப்பவைத்து, காமிராவின் துணையால் அதே காரியத்தைச் செய்து காட்டினர். எனினும் சிறுநீரகம் சிதையாமல் முழுதாக வெளிவர வேண்டுமாதலால், இரண்டு மூன்று அங்குலக் கீறல் ஒன்று இன்றும் தவிர்க்க முடியாததாகவே இருக்கிறது.

அந்த வலிக்கு என்ன கொடுப்பது? டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஒரே சிறுநீரகத்தோடு எழுந்திருப்பவருக்கு அவற்றைத் தர வைத்தியர்கள் தயங்குவது நியாயமே. மார்பின் வலியைப் போக்கும். ஆனால் குமட்டலும் மலச்சிக்கலும் மயக்கமும் கூடவே வரும், அளவு மிஞ்சினால் சுவாசமே மந்தமாகும். இந்த நெருக்கடியில்தான் ஜனங்கள் மரத்துப்போகிற ஊசி என்று சொல்லும் மருந்து பெருந்துணையாகிறது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்பவர் கோக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டு வலியின்றிச் சிகிச்சை செய்யலாம் என்று காட்டியதிலிருந்து கிளைத்த பரம்பரை அது. இன்று புபிவகெயினும் ரோபிவகெயினும் அதன் வாரிசுகள். நரம்பினுள் சோடியம் அயனிகள் புகும் வழியை இவை அடைத்துவிடுவதால், கோமுகி ஆற்று வாய்க்காலில் மடையை இறக்கியதும் நீர் அப்பால் செல்லாதது போல, வலியின் செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

கீறலின் ஓரங்களிலேயே இதைச் செலுத்துவது ஒரு முறை. நோவறியாமல் கொடுப்பவர் உறங்கும்போதே, அல்ட்ராசவுண்டு திரையைப் பார்த்துக்கொண்டு, வயிற்றுத் தசையடுக்குகளின் இடையில் நரம்புகள் ஓடும் தளத்தில் செலுத்துவது மற்றொன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் சிறுநீரகம் கொடுத்தவர்களிடம் இவ்விரண்டாம் முறையைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மணி நேரத்து மார்பின் தேவை குறைந்தது, முதலிரண்டு நாட்களின் வலியும் குறைந்தது. ஆனால் மொத்த மார்பின் அளவும் ஆஸ்பத்திரியில் தங்கிய காலமும் மாறவில்லை. பலன் சிறிதென்று சிலர் சொல்லலாம். அந்த முதலிரண்டு நாட்களில் இருமவும் எழுந்து நடக்கவும் முடிகிறதா என்பதே படுத்திருப்பவருக்குப் பெரிது என்பேன். மருந்தின் அளவு தேகத்தின் எடையைப் பொறுத்தது: புபிவகெயின் கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம், ஆகவே 45 கிலோ எடையுள்ள மெலிந்த பெண்மணிக்கு 90 மில்லிகிராம். அது மிஞ்சினாலும், தவறி ரத்தக் குழாயில் புகுந்தாலும், வலிப்பு காணும், இருதயத்தின் துடிப்பே தடுமாறும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்தில் சிறுநீரகம் கொடுக்க முன்வரும் தாய்மாரை நினைத்தே இவ்வளவும் சொல்கிறேன். விறகுச் சுமையோடு ஏறி இறங்கியும் மரவள்ளி பிடுங்கியும் பழகிய அவர்கள், வலிக்கிறதா என்று நர்ஸ் வந்து கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, தாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள். மரப்பு சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், தெளிந்துவிடும். அது தெளியும் முன்னரே பாரசிட்டமால் முதலியவற்றைத் தொடங்குவது நலம். வயிற்றை உப்பவைத்த வாயு உள்ளே நின்றுவிடுவதால் தோள்பட்டை நோகும். அந்த நோவுக்கு இந்த ஊசி எட்டாது, ஆனால் அது சில நாட்களில் தானே அடங்கும்.

சென்னையிலோ புதுச்சேரியிலோ சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பியபின் சில வாரம் சுமை தூக்கலாகாது. ஆண்டுதோறும் ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்த்துக்கொள்ள, கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கும்போது, உங்களுக்குச் சிறுநீரகம் ஒன்றுதான் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மாத்திரையை வாங்குங்கள்.