மறுபடியும் எங்கள் கையில்

(நண்பர்கள் கூடுகையில் பகிர்ந்துகொண்ட உரை)

நாங்கள் உடன்பிறந்தவர்கள், அக்காளும் தம்பியும். சென்ற வாரம் எங்கள் பழைய வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கத் திண்டுக்கல் கடைவீதிக்குப் போனோம். கையால் செய்யப்படும் எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைக்காரர் மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது மருந்துக் கடை வாசலில் ஒரு பையன் நின்றான். வயது 14 இருக்கும். ஒரு கையில் மருந்துச் சீட்டு, மறு கையில் இறுகப் பிடித்த பணம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. அந்த ஆண்டு எங்களுக்கு வயது 14, 12. ஒரு மாலை, பாட்டிக்கு இருமல் மருந்தும் சிறுமலைப் பழமும் வாங்கிவர அம்மா 10 ரூபாய் கொடுத்தார்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டு நாங்களும் சேர்ந்துகொண்டோம். இருட்டிய பிறகு பார்த்தால் பணத்தைக் காணோம். அன்று இரவு முழுவதும் பாட்டி இருமினார்கள். பாயில் படுத்திருந்த எங்களுக்கும் உறக்கம் வரவில்லை.

அம்மா அடிக்கவில்லை. காலையில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய 10 ரூபாயை மறுபடியும் எங்கள் கையிலேயே கொடுத்தார்கள். "தொலைச்சது நீங்கதானே? நீங்களே போயிட்டு வாங்க" என்றார்கள். மருந்தோடும் மீதிச் சில்லறையோடும் ஓடி வந்தோம். அந்த ஒரு நாள்தான் எங்களைப் பொறுப்புள்ளவர்கள் ஆக்கியது.

இப்போது எங்கள் வீட்டிலும் 14 வயதுப் பிள்ளை இருக்கிறான். கைப்பேசியில் சொன்னால் கடைச் சாமான் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அவனை ஒரு வேலைக்கும் அனுப்பியதில்லை. தன்மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று எண்ணியிருப்பானோ என வருந்தினோம்.

மறுநாள் புதுப் பூட்டின் சாவியை அவனிடம் கொடுத்து, பழைய வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு வரச் சொன்னோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. போன் செய்து கேட்காமல் காத்திருந்தோம். வந்தான், சாவியை ஆணியில் மாட்டினான். "கிணத்தடியில ஓடு உடைஞ்சிருக்கு, மாத்தணும்" என்றான். அது எங்களுக்கே தெரியாத செய்தி!

அன்பானவர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையையும் இந்த வாரம் ஒரு வேலையாக அனுப்பிப் பாருங்கள். ஒருமுறை தவறினால், மறுபடியும் அவனையே, அவளையே அனுப்புங்கள்.