நுண்ணுயிர்ப் பயிர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நெய்யை நாம் உணவிலும் விளக்கிலும் வேள்வியிலும் கண்டிருக்கிறோம். பிளேக் நோயின் கிருமியை வளர்ப்பதற்கும் ஒருவர் அதனைப் பயன்படுத்தினார் என்றால் தங்களிற் சிலர் வியப்படையக்கூடும். அது நிகழ்ந்தது வேறெங்கும் அன்று. அந்நாளில் பம்பாய் என வழங்கிய இம்மாநகரிலேயேதான்.

1896-ஆம் ஆண்டு மாண்டவிப் பகுதியில் பிளேக் தோன்றி நகரெங்கும் பரவிற்று. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடலாயினர். கல்கத்தாவில் காலரா தடுப்பூசிப் பணியில் ஈடுபட்டிருந்த வால்டெமர் ஹாஃப்கின் என்னும் அறிஞரை அரசினர் இங்கு வரவழைத்தனர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறை, ஓர் எழுத்தர், மூன்று பியூன்கள் ஆகியவற்றைக் கொண்டே அவர் தம் பணியைத் தொடங்கினார்.

அவர் செய்ததை விளங்கிக்கொள்ள, இச்சிற்றுயிர்கள் பெருகும் முறையை முதலில் அறிதல் வேண்டும். பாக்டீரியா முட்டையிடுவதில்லை, தன் உடலையே இரண்டாகப் பகுத்துக்கொள்கிறது. நமது குடலில் வாழும் ஈ. கோலி என்பதற்குத் தக்க உணவும் 37 பாகை வெப்பமும் வாய்த்தால், ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அக்கணக்கின்படி, ஏழு மணி நேரத்தில் ஒன்று 20 இலட்சத்துக்கும் மேற்பட்டுவிடும். இக்கணக்கு முடிவின்றி நீண்டால் உலகம் தாங்காது. நல்லவேளையாக உணவு தீர்கிறது, தன் கழிவே தனக்குப் பகையாகிறது, பெருக்கமும் நின்றுவிடுகிறது. பிளேக் கிருமியோ 28 பாகை அளவில் நிதானமாக வளரும் இயல்புடையது.

கிருமியை வளர்ப்பது அரிதன்று. ஒரே இனத்தை மட்டும் பிறிதொன்று கலவாமல் வளர்ப்பதே அரிது. உழவர்க்குக் களை கண்ணுக்குத் தெரியும்; ஆய்வாளர்க்கு அதுவும் தெரியாது. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், கட்டியான ஊட்டப் பொருளின்மீது கிருமிகளைப் பரப்பி, ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே தனித்தனிக் கூட்டமாகப் பெருகும் வழியை 1881-இல் காட்டினார். அவர் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகிவிடுவது பெருந்தொல்லையாயிற்று. அதற்கு மாற்றாக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரைப் பயன்படுத்தலாம் என்று கூறியவர், ஹெஸ்ஸே என்னும் ஆய்வாளரின் மனைவி ஃபேனி அம்மையார். தம் சமையலறையில் அதன் உறுதியைக் கண்டறிந்தவர் அவர். நம் மண்டபம், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியும் அகர் செய்ய உதவுகிறது என்பதை இடையே கூறிக்கொள்கிறேன்.

ஹாஃப்கினுக்குத் தடுப்பூசி மருந்து ஏராளமாக வேண்டியிருந்தது. ஆகவே அவர் குடுவைகளில் இறைச்சிச் சாற்றை நிரப்பி, அதன்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். பிளேக் கிருமிகள் அத்துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலம் விழுது போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. குடுவையை அசைத்தால் அவை உதிரும். பின் புதியவை தொங்கும். இவ்வாறு பல வாரங்கள் பயிர் செய்தார். அவ்விழுதுகளின் தோற்றமே உள்ளிருப்பது பிளேக் கிருமி என்பதற்கு ஓர் அடையாளமாயிற்று. பின்னர் அவற்றைச் சூடேற்றிக் கொன்று, 1897 ஜனவரி 10-ஆம் நாள் தம் உடம்பிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். இத்துணிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஐந்தாண்டுகள் கழித்து வந்தது துயரம். 1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபில் முல்கோவல் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு இம்மருந்து செலுத்தப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர், டெட்டனஸ் என்னும் இசிவு நோய் கண்டு மாண்டனர். மண்ணில் உறங்கும் டெட்டனஸ் வித்து, கொதிநீரிலும் எளிதில் சாவதில்லை.

புட்டி ஆய்வுக்கூடத்திலேயே கெட்டிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு கருதிற்று. கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாஃப்கின் கைவிட்டதும் குற்றமாகக் கொள்ளப்பட்டது. அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால், புட்டியின் தக்கையைத் திறக்கும் இடுக்கி அன்று தரையில் விழுந்ததும், அதனைத் தீயில் காட்டாமல் மருந்து நீரில் மட்டும் அலசியதும் சாட்சியத்தில் இருந்தன. அக்கிருமி புட்டிக்குள் பல வாரம் வளர்ந்திருந்தால் துர்நாற்றம் வீசியிருக்கும். திறந்தபோது அவ்வாறு வீசவில்லை. நஞ்சும் உள்ளே முதிர்ந்திருக்கும். நோய் சில நாள் பொறுத்திராமல் விரைந்து தோன்றியிருக்கும். நுண்ணுயிர் வளரும் முறையை அறிந்தோர்க்கு இவை போதிய சான்றுகளாகும். எனினும், ரொனால்ட் ராஸ் முதலிய பத்து அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் இதழில் எழுதி அவர்மீதிருந்த பழியைக் களைய 1907 வரை ஆயிற்று. அவ்வளவு காலம் ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஹாஃப்கின் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து பணியாற்றினார். பம்பாய் ஆய்வுக்கூடத் தலைமை மட்டும் அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. பரேலில் பழைய அரசினர் மாளிகையில் இயங்கிய அந்நிலையத்துக்கு 1925-இல் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம்மவர் அப்பெயர்ப் பலகையைக் கண்டிருப்பர்.