கோடு எழுதத் தெரிஞ்சா மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை இளைஞர் பயிலரங்கில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது.

சொந்தமா கம்பெனி ஆரம்பிக்க ஆசையான்னு கேட்டேன். அரங்கத்துல பாதிப் பேர் கை தூக்கினீங்க. அடுத்த மாசமே வேலையை விடத் தயாரான்னு கேட்டேன். ஒரு கைகூட இல்லை. தப்பே இல்லைங்க. கல்விக் கடன், தங்கச்சி ஃபீஸ், அப்பாவுக்கு மருந்துன்னு நம்ம வீட்டு நிலவரம் அப்படி.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். மூணு வருஷம் டெவலப்பர். அப்புறம் நாலு பேருக்கு டீம் லீட். ஜூனியர் தம்பி எழுதுன கோடு பிடிக்கலைன்னா ராத்திரி உட்கார்ந்து நானே மாத்தி எழுதிடுவேன். பொறுப்பா இருக்கேன்னு பெருமை வேற. ஒருநாள் அவன் சொன்னான்: "எப்படியும் நீங்க மாத்திடுவீங்கண்ணா, அதான் நான் யோசிக்கிறதையே விட்டுட்டேன்." சுருக்குன்னு தைச்சது. நான் நல்ல இன்ஜினியர்தான். ஆனா தலைவர் இல்லை.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு பாருங்க. திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறும்போது அவருடைய டிவி உடைஞ்சு வந்தது. இன்சூரன்ஸ் பணம் மாசக்கணக்கா வரலை. பொதுவெளியில எழுதின பிறகுதான் கிடைச்சது. அந்த எரிச்சலுக்குள்ள ஒரு தொழில் இருக்குன்னு அவர் பார்த்தார். ஜோஹோவில் துணைத் தலைவர் பதவியை விட்டுட்டு, 2010ல ஷான் கிருஷ்ணசாமியோட சேர்ந்து சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கிற மென்பொருள். அதுதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில பட்டியலானது. கம்பெனியில பங்கு வச்சிருந்த ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோர் கோடீஸ்வரர் ஆனாங்க. 2024ல சிஇஓ நாற்காலியை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சார்.

கவனிங்க. அவர் டெக்னாலஜியில ஆரம்பிக்கலை, ஒரு மனுஷனோட எரிச்சல்ல ஆரம்பிச்சார். வந்ததைத் தனக்கு மட்டும் வச்சுக்கலை. நாற்காலியை விடவும் தெரிஞ்சிருந்தது.

வேலையை விடாமலே நீங்க இன்னிக்குத் தொடங்கக்கூடியது நாலு.

1. வாரம் ஒரு மணி நேரம் சப்போர்ட் டீமோட உட்காருங்க. வாடிக்கையாளர் எங்கே திட்டுறார்னு கேளுங்க.

2. உங்களுக்கு நல்லா வர்ற வேலை ஒண்ணை ஜூனியர்கிட்ட கொடுங்க. கை பரபரக்கும். தொடாதீங்க. தப்பு செஞ்சா பக்கத்துல உட்கார்ந்து கேள்வி கேளுங்க.

3. உங்க கம்பெனிக்குப் பணம் யார்கிட்டேர்ந்து, எதுக்காக வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நிறைய டெவலப்பர்களுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாம இருந்தது.

4. சொந்த ஐடியாவை ஆபீஸ் லேப்டாப்ல தொடாதீங்க. வேலை ஒப்பந்தத்தை ஒருதடவை முழுசா படிங்க. நீங்க உருவாக்குறது கம்பெனிக்கே சொந்தம்னு அதுல இருக்கலாம்.

கையில ஆறு மாச வீட்டுச் செலவுக்குப் பணமும், காசு கொடுக்கத் தயாரா ஒரு வாடிக்கையாளரும் இருக்கும்போது வேலையை விடுறதைப் பத்திப் பேசுங்க. அதுவரை அவசரம் வேண்டாம்.

அந்தத் தம்பி இப்போ என்னைவிட நல்லா கோடு எழுதுறான். என் சம்பளம் அதனால ஏறலை. ஆனா நான் தலைவனா செஞ்ச முதல் வேலை அதுதான்.