பொம்மை மன்றத்தில் ஒரு நாள்



பொம்மைகளைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலி நிலையத்திற்கு வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். வகுப்பறையில் பொம்மையைக் கண்டால் பறித்து இழுப்பறையில் இட்டுப் பூட்டுவதன்றோ ஆசிரியர் தொழில்? உண்மைதான். நானும் அத்தொழிலைப் பல்லாண்டுகள் குறைவின்றிச் செய்தவன். அவ்வாறு நான் பறித்த பொம்மை ஒன்றின் உடன்பிறப்பு, கடல் கடந்த நாட்டில் என் எதிரே வந்து நின்றது. அந்த நிகழ்ச்சியையும், அது நிகழ்ந்த கூட்டத்தையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சென்ற கோடையில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் என் மகள் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தேன். அண்டை மாநிலமாகிய ரோட் ஐலண்டில், பழம் பொம்மைகளைச் சேர்ப்போரும் அவற்றைத் திருத்திப் புத்துருவம் தருவோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று அறிந்த என் பேரன், "தாத்தா, நீங்களும் வாருங்கள்" என்று வற்புறுத்தினான். குழந்தைகள் விளையாடும் இடத்தில் எனக்கென்ன வேலை என்று எண்ணிக்கொண்டே சென்றேன். தங்கும் விடுதி ஒன்றின் பெரிய கூடம் அது. உள்ளே நுழைந்ததும் என் எண்ணம் பொய்த்தது. குழந்தைகளினும் நரைத்த தலைகளே அங்கு மிகுதி. வரிசை வரிசையாக மேசைகள். அவற்றின்மேல் சிறு மனிதர்கள். அம்மனிதர்களை உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு நோக்கியவாறு பெரிய மனிதர்கள் தாழ்ந்த குரலில் உரையாடிக்கொண்டிருந்தனர். நூலகத்தில் நுழைந்தாற்போல் இருந்தது.

அங்கே கண்டவை நாம் அறிந்த குழந்தைப் பொம்மைகள் அல்ல. கைகால்களை மடக்கவும் நீட்டவும் மூட்டுகள் அமைந்த வீரப் பொம்மைகள். 'ஆக்ஷன் ஃபிகர்' என்பது அவற்றின் பெயர். அப்பெயருக்கு ஒரு கதை உண்டு. ஹாசன்ஃபெல்டு என்னும் குடிப்பெயர் கொண்ட சகோதரர்கள் போலந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறி, 1923-ஆம் ஆண்டில் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் துண்டுத் துணி விற்கத் தொடங்கினார்கள். பின்னர்ப் பென்சிற் பெட்டி செய்தார்கள். அதன்பின் பொம்மைகளுக்கு வந்தார்கள். 'ஹாஸ்ப்ரோ' என்று இன்று உலகறிந்த நிறுவனம் அதுவே. 1959-இல் வெளிவந்த பார்பி என்னும் பெண் பொம்மைக்கு உடைமேல் உடை வாங்கப்படுவதைக் கண்டு, சிறுவர்க்கும் அத்தகையதொரு பொம்மை செய்யலாம் என்னும் கருத்தை 1963-இல் ஸ்டான் வெஸ்டன் என்பவர் அந்நிறுவனத்திடம் கொண்டுவந்தார். படைவீரனுக்கு உடையும் கருவியும் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம் அல்லவா? கொரியப் போரிற் பணியாற்றிய டான் லெவீன் என்பவர் தம் குழுவினரோடு அதற்கு உருவம் தந்தார். 1964-இல் 'ஜி.ஐ. ஜோ' வெளிவந்தான். ஏறத்தாழ ஓரடி உயரம். உடலில் 21 அசையும் பகுதிகள். 'பொம்மை' என்ற சொல்லைக் கேட்டால் சிறுவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அஞ்சியே, 'ஆக்ஷன் ஃபிகர்' என்ற புதுப் பெயரைச் சூட்டினார்கள்.

என் பேரன் அப்பழைய ஜோ ஒருவனின் வலக்கையை என் கண்ணருகே காட்டினான். கட்டைவிரலின் நகம் உள்ளங்கைப் பக்கத்தில் இருந்தது! வார்ப்பு அச்சில் நேர்ந்த பிழையாம் அது. ஆனால் அப்பிழையே பிற்காலத்தில் காவலாயிற்று. மனித உடலின் வடிவத்தைத் தனக்கே உரியதென்று எவரும் உரிமை கோர இயலாது. பிறர் வார்ப்பைத் திருடிப் பொம்மை செய்தால், தவறான அந்த நகமும் கன்னத்துத் தழும்பும் திருட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கிருந்த அட்டைகளைப் படித்துக்கொண்டே நடந்தபோது, ஓர் எளிய பொம்மையின் வாழ்வில் உலக வரலாறு எவ்வளவு புகுந்திருக்கிறது என்று வியந்தேன். 1967-இல் செவிலிப் பெண்ணின் உருவம் ஒன்றை வெளியிட்டார்கள். சிறுவர்கள் பெண் பொம்மை வேண்டாமென்றனர். சிறுமியர் படைவீரர் பொம்மை அடுக்கின் பக்கமே செல்லவில்லை. விலைபோகாமல் நின்ற அப்பொம்மை, சிலவே செய்யப்பட்ட காரணத்தால், இன்று சேர்ப்போர் பெரும்பொருள் தந்து வாங்கும் அரும்பொருளாகிவிட்டது. வியட்நாம் போர் மக்கள் உள்ளத்திற் கசப்பை ஊட்டியபோது, போர்க்கோலத்தைப் பெற்றோர் விரும்பவில்லை. ஆகவே 1970 அளவில் ஜோ படைக்கலத்தை வைத்துவிட்டு மலையேறவும் கடலில் மூழ்கவும் புறப்பட்டான். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. எண்ணெயிலிருந்து பிறக்கும் பிளாஸ்டிக்கின் விலையும் உடன் ஏறியது. 1976-இல் ஓரடி ஜோவின் உற்பத்தி நின்றது. பின்னர், 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தை ஒட்டிக் கென்னர் நிறுவனம் 3¾ அங்குலப் பொம்மைகளைச் செய்து பெருவெற்றி கண்டது. அவ்வழியைப் பின்பற்றி 1982-இல் ஜோவும் அதே சிற்றளவில் மீண்டு வந்தான். லெவீன் குழுவினர் முதன்முதற் கையாற் செய்த மாதிரிப் பொம்மை 2003-இல் 2,00,000 டாலருக்கு விலைபோயிற்று என்றால் நம்புவீர்களா?

ஆயினும் விலை பேசிய மேசைகளைவிட, பழுது பார்த்த மேசை ஒன்றே என்னை நெடுநேரம் நிறுத்தியது. அதன் பின்னால் என் வயதுடைய பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரைப் 'பொம்மை மருத்துவர்' என்றே மற்றவர்கள் அழைத்தார்கள். 1982-க்குப் பிற்பட்ட சிறு பொம்மை ஒன்றின் முதுகிலிருந்த ஒரே திருகாணியைத் திருப்புளியாற் கழற்றினார். மார்பு இரு ஓடுகளாகப் பிரிந்தது. உள்ளே ஒரு சிறிய இரப்பர் வளையம். அவ்வளையந்தான் மேலுடலையும் கால்களையும் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. காற்றிலுள்ள உயிர்வளியும் ஓசோனும் ஆண்டுகள் செல்லச் செல்ல இரப்பரைத் தாக்குகின்றன; வளையம் விறைத்து, வெடித்து, ஒரு நாள் அறுகிறது. வீரன் இடுப்பில் இரண்டாகிறான். மெல்லிய பிளாஸ்டிக்கில் நெகிழ்ச்சிக்காகக் கலந்த பொருள் மெல்ல வெளியே கசிந்து, பொம்மையைப் பிசுபிசுக்கச் செய்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி ஒளியில் வைத்தால் வெளுக்கும், ஆனால் மஞ்சள் மீண்டும் வரக்கூடும். அறிவியல் கற்பித்த எனக்கு, பாடநூலின் ஓர் அதிகாரத்தை ஒரு மேசையின்மேற் கண்டதுபோல் இருந்தது.

அவர் மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பழைய உறுப்புகள். மற்றொன்றில் அவற்றைப் போலவே புதிதாக வார்த்தவை. என் கண்ணுக்கு வேற்றுமையே தெரியவில்லை. புதிய உறுப்பைப் பொருத்திப் பழையதென்று சொல்லி விற்றால் மிகுந்த ஆதாயம் கிடைக்கும். அவ்வாறு விற்பவரும் உண்டு என்றார். அவரோ தாம் வைத்த ஒவ்வொரு புதிய உறுப்பின் உட்புறத்திலும் ஊசியால் சிறு குறி கீறினார். "எவரும் காணாத இடத்தில் ஏன் கீறுகிறீர்கள்?" என்று கேட்டேன். "எனக்குப் பின் இதைத் திறப்பவர் ஒருவர் வருவார். அவரிடம் நான் பொய் சொல்லக் கூடாதல்லவா?" என்றார். தேர்வு அறைகளில் நேர்மையைப் பற்றி நான் ஆற்றிய உரைகளெல்லாம் இவ்விரண்டு வாக்கியங்களுக்கு ஈடாகா.

அடுத்த மேசையில் ஒரு நங்கை புத்துருவம் செய்துகொண்டிருந்தார். தீயணைப்பு வீரராக இருந்து மறைந்த தம் தந்தையின் சாயலில் ஓரடிப் பொம்மை ஒன்றை உருவாக்குவதே அவர் முயற்சி. உடைந்த பொம்மையின் தலையை வெந்நீரில் இட்டு இளக்கிக் கழற்றுகிறார். இருவகைப் பசைகளைப் பிசைந்தால் சில மணியில் இறுகும் செயற்கைக் களிமண்ணால் மூக்கையும் தாடையையும் திருத்துகிறார். அதன்மேல் நீர்த்த வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக இடுகிறார். உடை தைப்பதே அரிதென்றார். ஆறடி மனிதன் ஓரடியாகும்போது அளவு ஆறில் ஒரு பங்காகிறது; துணியின் இழையோ அவ்வாறு சுருங்குவதில்லை. நாம் உடுத்தும் துணி பொம்மைக்குச் சாக்குபோல் தோன்றும். ஆகவே பலமுறை துவைத்து நைந்த கைக்குட்டைகளைத் தேடிச் சேர்க்கிறாராம்.

பெட்டியின் ஒட்டைக்கூடப் பிரிக்காமற் காப்பவர் ஒருவர் அங்கு வந்து, "பழம்பொருளைச் சிதைக்கிறீர்களே!" என்று வருந்தினார். "ஒடிந்து கைவிடப்பட்டவற்றையே எடுக்கிறேன்; முழுமையான ஒன்றை நான் தொட்டதில்லை" என்று அந்நங்கை அமைதியாக விடை பகர்ந்தார். எனக்கு நம் நவராத்திரிக் கொலு நினைவிற்கு வந்தது. சாயம் மங்கிய பொம்மைக்குப் புது வண்ணம் தீட்டிப் படியேற்றுவார் ஒருவர். பாட்டி தந்த மரப்பாச்சியில் ஒரு கீறலும் விழாமல் துணியிற் பொதிந்து வைப்பார் மற்றொருவர். இருவர் செயலும் அன்பின் செயலே.

கூடத்தின் கோடியில் 'இந்தியா' என்று எழுதிய அட்டையோடு ஒரு மேசை இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1987-இல் எம்.ஆர்.எப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் இணைந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் பொம்மைகள் அவை. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டே அந்நிறுவனம் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை நம் நாட்டில் வார்த்தது. ஆனால் வண்ணங்கள் பல வேறுபட்டன. அமெரிக்காவில் அச்சிறு பொம்மை வரிசை 1994-இல் நின்ற பின்னும் நம் நாட்டில் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ஆகவே அவற்றை அயல்நாட்டார் விரும்பித் தேடுகின்றனர். அங்கே கண்ணாடிப் பேழையில் ஒரு பொம்மை நின்றது. அதன் மேற்பாதியை நான் முன்பே கண்டிருக்கிறேன் என்று உடனே உணர்ந்தேன். கீழ்ப்பாதி மட்டும் வேறாக இருந்தது.

1992-ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் நான் நெம்புகோலைப் பற்றிக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தான். சென்று பார்த்தேன், கையில் இந்தப் பொம்மை. "சார், இதன் கால் ஒடிந்துவிட்டது. வேறு பொம்மையின் காலைப் பொருத்தியிருக்கிறேன், மடங்குகிறது பாருங்கள்" என்று ஆர்வத்தோடு காட்டினான். நான் பார்க்கவில்லை. குப்பை என்று சொல்லிப் பிடுங்கி இழுப்பறையில் இட்டுப் பூட்டினேன். ஆண்டுத் தேர்வு முடிந்தபின் திருப்பித் தரலாம் என்று எண்ணியிருந்தேன். கோடை விடுமுறையில் அவன் தந்தைக்கு வேறூருக்கு மாற்றலாயிற்று. அவன் மீண்டும் பள்ளிக்கு வரவில்லை. பொம்மை என் பழந்தாள்களோடு ஒரு தகரப் பெட்டிக்குட் சென்றது.

ஊர் திரும்புமுன் அம்மருத்துவரிடம் இரண்டு இரப்பர் வளையங்கள் வாங்கிக்கொண்டேன். வீடு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தேன். பொம்மை இடுப்பில் இரண்டாகக் கிடந்தது. திருகாணியைக் கழற்றி மார்பைப் பிரித்தேன். உள்ளே இருந்தது கடையில் வாங்கிய வளையம் அன்று. மிதிவண்டியின் உட்குழாயிலிருந்து மெல்லிய கீற்றாக நறுக்கி, சரியான அளவில் அமைத்த வளையம்! அது இறுகி வெடித்திருந்தது. ஆனால் அதன் ஓரங்கள் எவ்வளவு சீராக வெட்டப்பட்டிருந்தன! எத்தனை கீற்றுகளை வெட்டி, இழுத்துப் பார்த்து, எறிந்துவிட்டு, இந்த ஒன்றைத் தேர்ந்திருப்பான் அச்சிறுவன்! விசையும் இழுவையும் மூட்டும் என்று நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவற்றை அவன் கையால் கற்றுக்கொண்டிருந்தான். அந்த வகுப்பில் பாடத்தைக் கவனியாதவன் நானே.

புதிய வளையத்தைப் பொருத்தினேன். வீரன் எழுந்து நின்றான், கால் மடங்குகிறது. நான் இட்ட வளையம் புதியது என்பதற்குக் குறியாக மார்பின் உட்புறத்தில் ஊசியால் ஒரு கோடு கீறினேன். அம்மாணவன் செய்த பழைய வளையத்தை எறியவில்லை. ஒரு தாளில் மடித்து, ஆண்டையும் வகுப்பையும் எழுதி, பொம்மையின் அருகே வைத்திருக்கிறேன்.

மாணவ மாணவியரே, பாடவேளையில் பொம்மையோடு விளையாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாடத்திற்குரிய நேரம் பாடத்திற்கே உரியது. ஆனால் உங்கள் கை விரும்பிச் செய்யும் ஒரு சிறு வேலையைப் பிறர் குப்பை என்று சொன்னால், அதனாலேயே அதனைக் கைவிட்டுவிடாதீர்கள். அதனைத் திருந்தச் செய்யுங்கள். எது பழையது, எது நீங்கள் சேர்த்தது என்பதை மறைக்காமற் செய்யுங்கள். நாளை நீங்கள் ஆசிரியராகவோ பெற்றோராகவோ ஆகும்போது, ஒரு குழந்தை "பாருங்கள்" என்று எதையேனும் நீட்டினால், பறிப்பதற்கு முன் ஒரு கணம் பாருங்கள்.

அம்மாணவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது கடந்திருக்கும். இவ்வுரையை அவன் எங்கிருந்தேனும் கேட்பானாயின், நெம்புகோல் பாடம் நடந்த அந்த நாள் அவனுக்கு நினைவிருக்கும். அவன் பொருள் என்னிடம் இருக்கிறது. எப்போது வந்தாலும் தரக் காத்திருக்கிறேன்.