கழுவுற தண்ணியிலே கீரைத் தோட்டம்



2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஆட்டுக்கு அகத்தித் தழை ஒடிச்சுப் போடுற நாம, நம்ம தட்டுல கீரை வைக்க மறந்துடுறோம். சத்து மாத்திரையோட கீரையும் வேணும்.

இடம் இல்லைன்னு நினைக்க வேண்டாம். பழைய சாக்குல அடியில் துளை போட்டு, மண்ணும் மக்கிய சாணி எருவும் நிரப்பி, சிறுகீரை விதை தூவினா 25 நாள்ல பறிக்கலாம். அரிசி, காய் கழுவுற தண்ணியை இதுக்கு ஊத்துவோம். சோப்புத் தண்ணியை வாழைக்குத் திருப்பிவிடுவோம். வேலியோரம் முருங்கைப் போத்து ஒண்ணு நடுவோம்.

எல்லாருக்கும் பரிமாறுறப்பவே நமக்கும் ஒரு கரண்டி எடுத்து வைப்போம். மிஞ்சினா சாப்பிடலாம்னு இருந்தது போதும்!