காயைக் கொடுத்து வெல்லும் கலை: கணினிக்கு வைத்த பரீட்சை

சதுரங்கம் ஆடத் தெரிந்த பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். இந்த விளையாட்டில், எதிரி வெட்டட்டும் என்று ஒரு காயை நாமே கொண்டுபோய் வைப்பது உண்டு. அதற்குத் தியாக நகர்வு என்று பெயர். பார்ப்பவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நாலு நகர்வு கழித்துப் பார்த்தால் எதிரியின் ராஜா வசமாகச் சிக்கியிருப்பார். இந்த நுணுக்கம் கணினிக்கு வருமா என்று எப்படிச் சோதித்தார்கள் என்பதை இன்று பார்ப்போம். பிள்ளைகளின் படிப்புக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் கணினி எப்படி ஆடுகிறது என்று தெரிந்துகொள்வோம். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் குறுக்கே செல்லும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது காய்களின் பொதுவான மதிப்பு. தன்னிடம் எவ்வளவு, எதிரியிடம் எவ்வளவு என்று கணினி கூட்டிப் பார்க்கிறது. காய்கள் நிற்கும் இடத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. பிறகு, நாம் இப்படி நகர்த்தினால் அவர் எப்படி நகர்த்துவார் என்று முன்னோக்கிப் பார்க்கிறது. ஒரு நிலையில் சுமார் 35 நகர்வுகள் இருக்கலாம். இரு தரப்பும் இரண்டிரண்டு முறை நகர்த்தினாலே 15 இலட்சம் வழிகள் ஆகிவிடும். எல்லாவற்றையும் கடைசி வரை பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே ஓர் எல்லை வரை பார்த்து நிறுத்துகிறது. பயனில்லை என்று தோன்றும் வழிகளைப் பாதியிலேயே கழித்தும் விடுகிறது.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. தியாக நகர்வில் நட்டம் உடனே வருகிறது. இலாபம் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ளது கணினிக்கு இல்லாதது போலாகிவிடும். இந்தக் குறைக்கு ‘தொடுவான விளைவு’ என்று 1973இல் பெயர் கொடுத்தவர் ஹான்ஸ் பெர்லினர். அவரே சிறந்த சதுரங்க ஆட்டக்காரர், கணினி அறிஞரும்கூட.

நமக்குத் தெரிந்த மறுநடவையே எடுத்துக்கொள்வோம். பால் தந்துகொண்டிருக்கும் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கன்று நடுகிறார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு அங்கே பால் வெட்ட முடியாது. இந்த மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் அது நட்டம். பல ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவருக்கே காரணம் விளங்கும்.

சரி, ஒரு கணினிக்கு அந்தத் தூரப் பார்வை இருக்கிறதா என்று எப்படி அறிவது? பரீட்சை வைத்துத்தான். ஆட்டத்தின் நடுவில் உள்ள ஒரு நிலையைக் கொடுத்து, “சிறந்த நகர்வைச் சொல்” என்று கேட்பார்கள். எத்தனை விநாடியில் சொல்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிரெட் ரெயின்ஃபெல்ட் என்னும் அமெரிக்கரின் பயிற்சி நூலிலிருந்த 300 நிலைகள் இப்படிப் பல ஆண்டுகளாக வினாத்தாளாகப் பயன்பட்டன. 1982இல் இவான் பிராட்கோ, டேனி கோபெக் ஆகிய இருவர் 24 நிலைகள் கொண்ட வேறொரு பரீட்சையை வெளியிட்டார்கள். அவற்றில் பாதி, அதிரடி நகர்வுகளைக் கண்டுபிடிப்பது. மறுபாதி, சிப்பாய்களை நிதானமாக முன்னேற்றும் திறனைப் பார்ப்பது.

மனிதர் கண்டு, அந்தக் காலக் கணினிகள் திணறிய நகர்வு ஒன்றைச் சொல்கிறோம். 1998இல் ஸ்பெயின் நாட்டின் லினாரஸ் நகரில் தோப்பலோவும் ஷிரோவும் ஆடினார்கள். ஆட்டம் முடியும் கட்டம். பலகையில் ராஜாக்களும், ஆளுக்கொரு மந்திரியும், சில சிப்பாய்களுமே மீதி. கறுப்புக் காய் ஆடிய ஷிரோவிடம் சிப்பாய்கள் அதிகம். ஆனாலும் இரு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் சென்றதால், சமநிலையில் முடியும் என்றே எவரும் நினைப்பர். அப்போது ஷிரோவ் தம் ஒரே மந்திரியை எதிரியின் சிப்பாய் வெட்டும் கட்டத்தில் வைத்தார். எதற்காக? தம் ராஜா முன்னேற அந்த மந்திரியே வழியில் நின்றது. அதைக் கொடுத்ததால் வழியும் திறந்தது, ஒரு நகர்வு நேரமும் மிச்சமாயிற்று. ராஜா உள்ளே புகுந்து சிப்பாய்களுக்குத் துணை நின்றார். சில நகர்வுகளில் தோப்பலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இப்போது நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பரீட்சையில் விடை சரியாக வந்தால் கணினிக்குத் திறமை வந்துவிட்டது என்று சொல்லலாமா?

1997 மே மாதம் நியூயார்க்கில், டீப் புளூ என்ற கணினி உலக வெற்றியாளர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அது விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கக்கூடியது. கடைசி ஆட்டத்தில் அது குதிரையைத் தியாகம் செய்தது. காஸ்பரோவ் 19 நகர்வுகளில் தோற்றார். உலகமே வியந்தது. ஆனால் அந்த நகர்வு கணினி யோசித்துக் கண்டதன்று. தொடக்க நகர்வுகளின் தொகுப்பில் மனிதர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அதாவது, அது மனப்பாடம்.

அதேபோல, ஒரே 300 கேள்விகளுக்கு ஏற்பக் கணினியைத் திருத்திக்கொண்டே போனால், கேள்விகளில் தேறும், ஆட்டத்தில் தேறாது. தற்செயலாகச் சரியான நகர்வைத் தொட்டுவிடுவதும் உண்டு. எனவே விவரம் அறிந்த சோதனையாளர்கள் விடையோடு நிறுத்துவதில்லை. அந்த நகர்வுக்குப் பின் என்ன நடக்கும் என்று கணினி கருதுகிறது என்பதையும் பார்க்கிறார்கள். தியாகம் செய்யத் தூண்டி, செய்தால் தோற்றுவிடும் நிலைகளையும் இடையில் வைக்கிறார்கள். எங்கே கொடுக்கக் கூடாது என்று தெரிந்தால்தானே, எங்கே கொடுக்கலாம் என்பதும் தெரியும்?

பின்னாளில் வந்த ஆல்ஃபாசீரோ இன்னொரு வழியைக் காட்டியது. மனிதர் ஆடிய ஆட்டங்களைக் காட்டாமல், விதிகளை மட்டும் கொடுத்து, தன்னோடு தானே ஆடிப் பழக விட்டார்கள். 2017இல் அது ஸ்டாக்ஃபிஷ் என்ற வலிமையான நிரலுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28இல் வென்றது, 72 சமநிலை. ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்கு 7 கோடி நிலைகள் பார்த்தது. ஆல்ஃபாசீரோ பார்த்தது 80 ஆயிரமே. அப்படியிருந்தும், பின்னால் வரும் நன்மைக்காகக் காய்களைத் துணிந்து கொடுத்தது. நிறையப் பார்ப்பதைவிட, எதைப் பார்ப்பது என்று அறிவது பெரிதாயிற்று.

இன்று ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பிள்ளைகள் அதில் விடையைப் பார்த்துவிட்டு, “தெரிந்துவிட்டது” என்று எழுந்துவிடக்கூடும். பெற்றோருக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. “எதிரி அந்தக் காயை வெட்டினால் என்ன ஆகும்? வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்?” என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினால் அது கற்றுக்கொண்டிருக்கிறது. விழித்தால், இன்னும் மனப்பாடத்தில் நிற்கிறது. கணக்குப் பாடத்துக்கும் அறிவியலுக்கும் இதே இரண்டு கேள்விகளை மாற்றிக் கேட்கலாம்: “இது ஏன்? இது மாறினால் என்ன ஆகும்?” கணினிக்கே அப்படிப் பரீட்சை வைக்கும்போது, நம் பிள்ளைகளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடை போடலாமா?